வரலாறு ஒரு ஊரில், வருமானம் இன்னொரு ஊரில்

1963 ஜனவரியில் அலபாமா ஆளுநராகப் பதவியேற்ற ஜார்ஜ் வாலஸ், "இன்றும் இனப் பிரிவினை, நாளையும் இனப் பிரிவினை, என்றென்றும் இனப் பிரிவினை" என்று மாண்ட்கமரி நகரில் முழங்கினார். கறுப்பர்களும் வெள்ளையர்களும் ஒரே பள்ளியில் படிக்கக் கூடாது, ஒரே ஓட்டலில் தங்கக் கூடாது என்ற ஏற்பாட்டைக் காப்பாற்றுவதாகத் தந்த வாக்குறுதி அது. இருபது ஆண்டுகள் கழித்து, 1983-இல், அதே வாலஸ் மறுபடியும் ஆளுநர் நாற்காலியில் இருந்தபோது மாநிலச் சுற்றுலாத் துறை ஒரு கையேடு வெளியிட்டது. அலபாமாவில் உள்ள கறுப்பின வரலாற்று இடங்களைத் தொகுத்து, வந்து பாருங்கள் என்று அழைத்த கையேடு. அமெரிக்காவில் ஒரு மாநில அரசு அப்படி ஒன்றைப் போட்டது அதுதான் முதல் தடவை.

வாலஸ் பிற்காலத்தில் கறுப்பினத் தேவாலயங்களுக்கே போய் மன்னிப்புக் கேட்டவர். அவருடைய மனமாற்றத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் எந்தச் சுற்றுலாத் துறையும் மனமாற்றத்தை நம்பிக் கையேடு அச்சடிப்பதில்லை. குண்டு வெடித்த தேவாலயம், தடியடி நடந்த பாலம், பேருந்துப் புறக்கணிப்பு நடந்த தெரு என்று மாநிலம் எதையெல்லாம் மறைக்க நினைத்ததோ, அதைப் பார்ப்பதற்கென்றே வெளியூர்க்காரர்கள் காசு செலவழித்து வருவார்கள் என்பது அப்போது புரிய ஆரம்பித்திருந்தது.

அந்தக் காசு எவ்வளவு? இங்கேதான் முதல் குழப்பம். மண்டாலா ரிசர்ச் என்ற நிறுவனம், ஆப்பிரிக்க அமெரிக்கர்கள் 2018-இல் பயணங்களுக்குச் செலவிட்டது 6,300 கோடி டாலர் என்று கணக்கிட்டது. 2010-இல் அது 4,800 கோடி. எம்எம்ஜிஒய் குளோபல் என்ற இன்னொரு நிறுவனம் 2019-க்குச் சொன்ன தொகை 10,940 கோடி டாலர். ஒரே வருட இடைவெளியில் யாரும் திடீரென்று கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஊர் சுற்றவில்லை. கணக்கெடுத்த முறைதான் வேறு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இவை இரண்டுமே கறுப்பினப் பயணிகள் எல்லாப் பயணங்களுக்கும் செய்த செலவு. லாஸ் வேகாஸுக்குப் போனதும் அதில் சேரும், பாட்டியைப் பார்க்கப் போனதும் சேரும். மறுபக்கம், மாண்ட்கமரி அருங்காட்சியக வாசலில் நிற்கும் வெள்ளைக்கார ஆசிரியரும், அட்லாண்டாவிலிருந்து இரண்டரை மணி நேரம் கார் ஓட்டி வரும் தமிழ்க் குடும்பமும் அந்தக் கணக்கிலேயே இல்லை. ஆகவே இப்படி வரலாற்று இடங்களைப் பார்க்கப் போகும் மரபுச் சுற்றுலாவின் மதிப்பு இத்தனை கோடி என்று யாராவது ஒரே எண்ணில் முடித்தால் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே கேட்டுக்கொள்வது நல்லது.

இந்த வியாதி அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கமும் உண்டு. 1619-இல் வர்ஜீனியாவில் ஆப்பிரிக்க அடிமைகள் வந்திறங்கியதன் 400-ஆம் ஆண்டை ஒட்டி, கானா நாடு 2019-ஐத் 'திரும்பி வரும் ஆண்டு' என்று அறிவித்து அமெரிக்கக் கறுப்பர்களை அழைத்தது. அடிமைகளைக் கப்பலேற்றும் முன் அடைத்துவைத்த கேப் கோஸ்ட், எல்மினா கோட்டைகளுக்குக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். வருட முடிவில் சுற்றுலா அமைச்சர் அறிவித்த வருவாய் 190 கோடி டாலர். ஆனால் நாட்டுக்கு வந்த வெளிநாட்டவர் எண்ணிக்கை 2018-இல் சுமார் 9.5 லட்சம், 2019-இல் 11 லட்சத்துச் சொச்சம். அந்த 190 கோடியும் கூடுதலாக வந்தவர்களால் மட்டும் கிடைத்ததென்றால் தலைக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவழித்திருக்க வேண்டும். எப்படியும் வந்திருக்கக்கூடிய வியாபாரிகளின் செலவும் அதில் கலந்திருக்கிறது என்றுதான் கொள்ள வேண்டியிருக்கிறது.

சரி, பெரிய எண்களை விட்டுவிட்டு ஒரு ஊரை மட்டும் எடுத்துக்கொள்வோம். மாண்ட்கமரியின் மக்கள்தொகை சுமார் 2 லட்சம். அந்த நகரத்தின் முத்திரையிலேயே இரண்டு பெருமைகள் பொறித்திருக்கும்: 'கூட்டரசின் தொட்டில்', 'சிவில் உரிமை இயக்கத்தின் பிறப்பிடம்'. அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன மாநிலங்களின் முதல் தலைநகரமும் இதுதான், 1955 டிசம்பரில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் பேருந்தில் வெள்ளையருக்காக எழுந்திருக்க மறுத்த ஊரும் இதுதான். இங்கே 2018 ஏப்ரலில், வழக்கறிஞர் பிரையன் ஸ்டீவன்சன் நடத்தும் ஈக்குவல் ஜஸ்டிஸ் இனிஷியேட்டிவ் என்ற அமைப்பு ஒரு அருங்காட்சியகத்தையும் ஒரு நினைவிடத்தையும் திறந்தது. நினைவிடத்தில் 800-க்கு மேற்பட்ட எஃகுத் தூண்கள் தொங்குகின்றன. கறுப்பர்களைக் குறிவைத்துக் கும்பல் கொலை நடந்த ஒவ்வொரு கவுண்டிக்கும் (நம் மாவட்டம் மாதிரி) ஒரு தூண்; 1877 முதல் 1950 வரை கொல்லப்பட்டவர்களில் 4,400 பேருக்கு மேல் அந்த அமைப்பு ஆவணப்படுத்தியிருக்கிறது. முதல் ஆண்டில் வந்தவர்கள் சுமார் 4 லட்சம் பேர். 2021-இல் அருங்காட்சியகம் பெரிய கட்டடத்துக்கு மாறியது. 2024 மார்ச்சில் அலபாமா ஆற்றங்கரையில் 17 ஏக்கரில் ஒரு சிற்பப் பூங்காவும் சேர்ந்தது.

மூன்றையும் பார்க்க ஒரே டிக்கெட், விலை 5 டாலர். இந்தத் தொழிலின் பொருளாதாரமே அந்த டிக்கெட்டில் அடங்கியிருக்கிறது. நுழைவுக் கட்டணத்தில் யாரும் சம்பாதிக்கவில்லை. மூன்று இடங்களையும் ஒழுங்காகப் பார்க்க ஒரு நாள் போதாது, அதனால் ராத்திரி தங்கியாக வேண்டும். தங்கினால் ஓட்டல் அறை, இரண்டு வேளைச் சாப்பாடு, பெட்ரோல், பார்க்கிங். அறை வாடகையில் மாநிலம் 4 சதவீதம் தங்கும் வரி எடுக்கும். நகரமும் கவுண்டியும் தங்கள் பங்கை மேலே வைக்கும். 5 டாலர் டிக்கெட் வாங்க வந்தவர் ஊரில் விட்டுப்போவது சில நூறு டாலர். நகராட்சிக்கு நினைவிடம் பிடித்துப்போனதற்கு இந்தச் சில நூறு டாலரும் ஒரு காரணம். கும்பல் கொலையைப் பற்றி ஊர் நடுவில் பேசுவதா என்று முகம் சுளித்த வணிகர்களும் அறைகள் நிரம்பத் தொடங்கியதும் சத்தம் போடவில்லை.

இனி அங்கிருந்து மேற்கே ஐம்பது மைல். செல்மா. 1965 மார்ச் 7-ஆம் தேதி எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்தவர்களைக் காவலர்கள் அடித்துத் துவைத்த ஊர். அந்தக் காட்சியைத் தொலைக்காட்சியில் பார்த்து நாடே அதிர்ந்தது. அதே ஆண்டு வாக்குரிமைச் சட்டம் வந்தது. வரலாற்று மதிப்பு என்று பார்த்தால் செல்மாவுக்கு மேலே வைக்க அமெரிக்காவில் அதிக ஊர்கள் கிடையாது. ஒவ்வொரு மார்ச்சிலும் பாலத்தைக் கடக்கும் விழா நடக்கும். 2015-இல் ஐம்பதாம் ஆண்டுக்கு ஒபாமாவே வந்தார்.

ஆனால் 1960-இல் 28,000 பேர் இருந்த செல்மாவில் 2020-இல் 18,000 பேர்கூட முழுசாக இல்லை. 1977-இல் விமானப்படைத் தளம் மூடியது ஒரு அடி, 2023 ஜனவரியில் வீசிய சூறாவளி இன்னொரு அடி. இடையில் கடைத்தெருவில் பல கட்டடங்கள் பலகை அடித்து மூடிக் கிடந்தன. உலகம் முழுக்கப் பேர் தெரிந்த பாலம் ஊர் வாசலில் இருந்தும் ஏன் இப்படி?

பாலத்துக்கு டிக்கெட் கிடையாது. டூர் பஸ் வரும், நிற்கும், பயணிகள் பாலத்தில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் நடப்பார்கள், படம் எடுப்பார்கள், சிலர் கண் கலங்குவார்கள், பஸ் கிளம்பும். ராத்திரிச் சாப்பாடு மாண்ட்கமரியில், படுக்கையும் அங்கேதான். செல்மாவில் நல்ல தங்குமிடம் என்று விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் உண்டு. ஒரு மணி நேரம் நிற்கும் பயணி ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு டி-சர்ட்டும் வாங்கினால் அதிகம். வரலாறு நடந்த இடமும் பணம் தங்கும் இடமும் வேறு வேறு. படுக்கை எங்கே இருக்கிறதோ அங்கேதான் பணம் இறங்கும்.

அப்புறம், இறங்கிய பணம் ஊரிலேயே தங்குமா என்பது தனிக் கேள்வி. சங்கிலி ஓட்டலில் தங்கினால் வாடகையின் ஒரு பகுதி பெயர் உரிமைக் கட்டணமாகத் தலைமையகத்துக்கும், இன்னொரு பகுதி கடன் கொடுத்த வங்கிக்கும் போகும். டூர் நிறுவனம் வேறு நகரத்தில் இருந்தால் அந்த லாபமும் வெளியே. உள்ளூரில் மிஞ்சுவது அறை துடைப்பவர், சமையல்காரர் சம்பளம், கொஞ்சம் வரி. சுற்றுலா 'இத்தனை வேலைவாய்ப்பு தந்தது' என்று அறிக்கைகள் சொல்லும்போது பெரும்பாலும் இந்தச் சம்பளங்களைத்தான் சொல்கின்றன. கட்டடம் யார் பேரில் இருக்கிறது என்று அறிக்கை சொல்லாது.

ஒரு காலத்தில் அது நேர்மாறாக இருந்தது என்பதுதான் கசப்பான வேடிக்கை. 1936-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைச் சேர்ந்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன், கறுப்பினப் பயணிகள் பயமில்லாமல் தங்கவும் சாப்பிடவும் கூடிய இடங்களைத் தொகுத்து ஒரு கையேடு போட்டார். கிரீன் புக் என்று பேர் பெற்ற அது முப்பது ஆண்டுகள் வந்தது. எஸ்ஸோ பெட்ரோல் பங்குகளில்கூடக் கிடைத்தது. வெள்ளையர் ஓட்டல்கள் கதவைச் சாத்தியதால் கறுப்பினப் பயணியின் டாலர் வேறு வழியில்லாமல் கறுப்பின முதலாளியிடமே போனது. அலபாமாவின் பர்மிங்காமில் ஏ.ஜி. காஸ்டன் 1954-இல் கட்டிய மோட்டல் அப்படி ஓடியது. மெம்பிஸில் வால்டர் பெய்லியின் லொரெய்ன் மோட்டலும் அப்படித்தான். பேர் பெற்ற கறுப்பினப் பாடகர்களெல்லாம் அங்கேதான் இறங்குவார்கள்.

1964-இல் சிவில் உரிமைச் சட்டம் வந்தது. எந்த ஓட்டலிலும் யாரும் தங்கலாம். தங்கினார்கள். கறுப்பின விடுதிகளின் வாடிக்கையாளர்கள் கைமாறினார்கள். எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளை வாடிக்கையாளர்கள் இவர்களிடம் வரவில்லை. கிரீன் புக் நின்றது, அதில் இருந்த பெரும்பாலான விடுதிகளும் மெல்ல மெல்ல நின்றன. லொரெய்னின் கதை இன்னும் கொடுமை. 1968 ஏப்ரல் 4-ஆம் தேதி அதன் மாடி வராந்தாவில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டார். அன்றைக்கே பெய்லியின் மனைவி லோரீ மூளையில் ரத்தக்கசிவு வந்து விழுந்தார்; கிங்கின் இறுதிச் சடங்கு நாளில் இறந்தார். மோட்டல் நொடித்து 1982-இல் ஏலத்துக்கு வந்தது. அதைக் காப்பாற்றச் சேர்ந்த ஓர் அமைப்பு 1,44,000 டாலருக்கு எடுத்தது. 1991-இல் தேசிய சிவில் உரிமை அருங்காட்சியகமாகத் திறந்தது. அதற்காக 1988-இல் வெளியேற்றப்பட்ட கடைசி வாடகைதாரர், ஏழைகளுக்கு வீடு கட்ட வேண்டிய பணத்தை இதில் கொட்டுகிறார்கள் என்று எதிர்த் தெருவில் உட்கார்ந்து பல பத்தாண்டுகள் போராட்டம் நடத்தினார். அருங்காட்சியகம் சிறந்த அருங்காட்சியகம்தான். அவர் கேட்ட கேள்வியும் சரியான கேள்விதான்.

காட்ட வேண்டிய இடங்களே பல ஊர்களில் மிச்சமில்லை என்பது இன்னொரு பிரச்சினை. 1950-களிலும் 60-களிலும் நெடுஞ்சாலை போட்டவர்கள் கறுப்பினக் கடைத்தெருக்களின் நடுவில் கோடு இழுத்தார்கள். நியூ ஆர்லியன்ஸில் கிளெய்போர்ன் அவென்யூ, மயாமியில் ஓவர்டவுன், மாண்ட்கமரியில் சென்டெனியல் ஹில் எல்லாம் அப்படி அறுபட்டவை. மிஞ்சிய கட்டடங்களுக்கு அங்கீகாரம் கிடைப்பதும் சிரமம். அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடப் பதிவேட்டில் 95,000-க்கு மேற்பட்ட பதிவுகள் இருக்கின்றன. அதில் கறுப்பின வாழ்வை மையமாகக் கொண்டவை 2 சதவீதம்தான் என்பார்கள். கட்டடம் பழைய உருவில் குலையாமல் இருக்க வேண்டும் என்பது விதி. இடிபடாமல் காப்பாற்றிக்கொள்ளக் காசும் அதிகாரமும் இல்லாதவர்களின் வீடு எப்படிக் குலையாமல் இருக்கும்?

மரபு நிதி எப்படியெல்லாம் வழி தவறும் என்பதற்கு மிசிசிப்பியில் ஒரு உதாரணம் இருக்கிறது. மணி என்ற குக்கிராமத்தில் ஒரு மளிகைக்கடை. 1955-இல் பதினான்கு வயது எம்மெட் டில் கடத்திக் கொல்லப்படக் காரணமான சம்பவம் அங்கே நடந்தது. கொலையாளிகளை ஜூரிகள் ஒரு மணி நேரச் சொச்சத்தில் விடுவித்தார்கள். அந்தக் கடை இன்று கொடி படர்ந்த இடிபாடு. அதை ஒட்டி ஒரு பழைய பெட்ரோல் பங்கு. 2011-இல் மாநிலத்தின் சிவில் உரிமை வரலாற்று இட நிதியிலிருந்து சுமார் 2 லட்சம் டாலர் வந்தது. பங்கு பளபளவென்று புதுப்பிக்கப்பட்டது, கடை இடிந்துகொண்டே இருந்தது. இரண்டுக்கும் உரிமையாளர் ஒரே குடும்பம். அந்த ஜூரிகளில் ஒருவருடைய குடும்பம். எம்மெட் டில் வழக்கோடு பங்குக்கு ஒட்டுமில்லை உறவுமில்லை. அந்தக் காலத்துக் கிராமத்துச் சூழலைக் காட்டும் என்பதுதான் நிதி கேட்கச் சொன்ன காரணம்.

தென் கரோலினா, ஜார்ஜியா கடலோரத்தில் கதை நிலத்தைப் பற்றியது. அடிமைமுறை முடிந்த பிறகு அங்குள்ள தீவுகளில் நிலம் வாங்கி, தங்கள் மொழியும் கூடை முடையும் கலையும் குலையாமல் வாழ்ந்தவர்கள் கல்லா கீச்சி மக்கள். 2006-இல் அமெரிக்க நாடாளுமன்றம் அந்தக் கடலோரத்தையே தேசிய மரபு வழித்தடமாக அறிவித்தது. மவுண்ட் பிளசன்ட் நெடுஞ்சாலை ஓரத்தில் சிறு கொட்டகை போட்டு அவர்கள் விற்கும் இனிப்புப்புல் கூடைகளில் நேர்த்தியான ஒன்று நூற்றுக்கணக்கான டாலர் போகும். ஆனால் அந்தப் புல் விளைந்த கரைகளில் இப்போது வேலி போட்ட ரிசார்ட்டுகள். 1956-இல் ஹில்டன் ஹெட் தீவுக்குப் பாலம் போட்டதும் கோல்ஃப் மைதானங்கள் வந்தன. முன்னோர் கல்லறை வேலிக்குள் மாட்டிக்கொண்டதால், கும்பிடப் போவதற்குக் காவலாளியிடம் அனுமதி கேட்க வேண்டிய குடும்பங்கள் உண்டு.

நிலம் எப்படிப் போனது? உயில் எழுதாமல் இறந்தவர்களின் நிலம் எல்லா வாரிசுகளுக்கும் பொதுவாகிவிடும். நம்மூரில் பாகப்பிரிவினை ஆகாத பூர்வீகச் சொத்து மாதிரிதான். எங்கோ நியூயார்க்கில் இருக்கும் ஒரு தூரத்துப் பேரனிடம் அவன் பங்கை ஒரு நில வியாபாரி வாங்கிவிட்டால் போதும். நீதிமன்றம் போய் முழு நிலத்தையும் ஏலத்துக்குக் கொண்டுவரலாம். வாரிசுகளுக்கு முதல் வாய்ப்புத் தரும் சட்டத்தை ஜார்ஜியா 2012-இலும் தென் கரோலினா 2016-இலும்தான் ஏற்றன. அதற்குள் போனது போய்விட்டது. ஜார்ஜியாவின் சப்பலோ தீவில் கல்லா கீச்சி மக்கள் வாழும் ஹாக் ஹம்மக் குடியிருப்பில் வீட்டின் அளவுக்கு 1,400 சதுர அடி என்ற உச்சவரம்பு இருந்தது. 2023-இல் கவுண்டி நிர்வாகம் அதை 3,000 ஆக்கியது. பெரிய வீடு வந்தால் நில மதிப்பு ஏறும், சொத்து வரி ஏறும், வரி கட்ட முடியாத பழைய குடும்பம் விற்றுவிட்டுப் போகும் என்று ஊர்க்காரர்கள் நீதிமன்றம் போனார்கள். பண்பாட்டைப் பார்க்க வரும் கூட்டம் நில விலையை ஏற்றி, அந்தப் பண்பாட்டுக்காரர்களையே கிளப்பிவிடுவது இப்படித்தான்.

அரசாங்கக் காற்று எந்தப் பக்கம் வீசுகிறது என்பதும் வருமானத்தைத் தொடும். வாஷிங்டனில் 54 கோடி டாலரில் எழுந்து 2016-இல் திறந்த தேசிய ஆப்பிரிக்க அமெரிக்க அருங்காட்சியகத்துக்கு மறு ஆண்டு 24 லட்சம் பேர் வந்தார்கள். செலவில் பாதி அரசுப் பணம். 2025 மார்ச்சில் டிரம்ப் பிறப்பித்த ஆணை அதே அருங்காட்சியகத்தைப் பேர் சொல்லிச் சாடியது. தேசியப் பூங்காக்களின் இலவச நாட்கள் பட்டியலிலிருந்து 2026-க்குக் கிங் பிறந்தநாளும் அடிமைமுறை ஒழிப்பைக் கொண்டாடும் ஜூன்டீன்த் நாளும் எடுக்கப்பட்டன. மாண்ட்கமரி நினைவிடம் தனியார் நன்கொடையில் எழுந்ததால் அந்த அளவுக்கு அடிவாங்காது.

வருமானம் யாருக்குச் சேர வேண்டும் என்ற கேள்வி கடைசியில் நீதிமன்றத்துக்கே போனது ஓக்லஹோமாவின் டல்சா நகரத்தில். 1921-இல் அங்கே கிரீன்வுட் என்ற செழிப்பான கறுப்பினக் கடைத்தெருவை ஒரு வெள்ளைக் கும்பல் 35 பிளாக்குகளுக்கு எரித்தது. இறந்தவர்கள் 300 வரை இருக்கலாம் என்பது மதிப்பீடு. நூறாம் ஆண்டை ஒட்டி, 3 கோடி டாலர் செலவில் கிரீன்வுட் ரைசிங் என்ற வரலாற்று மையம் 2021-இல் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டே ஒரு வழக்கு பதிவாகியிருந்தது. எரித்ததற்கு இழப்பீடு தராத நகரம், இப்போது அந்தப் படுகொலையின் பேரைச் சொல்லிச் சுற்றுலாப் பணமும் நன்கொடையும் சம்பாதிக்கிறது, அது முறையற்ற ஆதாயம் என்பதும் வாதங்களில் ஒன்று. வழக்கை நடத்திய மூன்று பேரும் குழந்தைகளாக இருந்து அந்தத் தீயில் தப்பியவர்கள், நூறு வயது கடந்தவர்கள். 2024 ஜூனில் ஓக்லஹோமா உச்ச நீதிமன்றம் வழக்கு தள்ளுபடியானது சரியே என்று சொல்லிவிட்டது.

அடுத்த ஆண்டு ஜூனில் டல்சாவின் முதல் கறுப்பின மேயர் மன்ரோ நிக்கோல்ஸ் ஒரு திட்டம் அறிவித்தார். தனியாரிடம் 10.5 கோடி டாலர் திரட்டி ஓர் அறக்கட்டளை. அதில் 6 கோடி பண்பாட்டுப் பாதுகாப்புக்கும் கட்டடங்களைச் சீர்படுத்தவும், 2.4 கோடி தப்பியவர்களின் வழித்தோன்றல்களுக்கும் வடக்கு டல்சாவாசிகளுக்கும் வீட்டு வசதிக்கு, 2.1 கோடி நிலம் வாங்கவும் கல்வி உதவிக்கும். தப்பியவர்கள் கையில் நேரடியாகத் தரும் தொகை எதுவும் அந்தத் திட்டத்தில் இல்லை. அப்போது உயிரோடிருந்த இருவரில் வயோலா பிளெட்சர் அந்த நவம்பரில் 111 வயதில் காலமானார். திட்டத்தில் பெரிய பங்கு பார்வையாளர் கண்ணில் படும் கட்டடங்களுக்கு. நில உரிமைக்கு ஒதுங்கியது சிறிய பங்கு. கிரீன்வுட் மக்கள் 1921-இல் இழந்தது நிலமும் கடைகளும். அந்த 2.1 கோடியில் எத்தனை மனை வாங்கப்போகிறார்கள், பத்திரத்தில் யார் பேர் வரும் என்பதைத்தான் அங்குள்ளவர்கள் கேட்க வேண்டியிருக்கிறது.